கார் ப்ளோயர் ஒரே வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி போட்டாலும் ஹீட்டர் போட்டாலும் காருக்குள் காற்றைத் தள்ளுவது ஒரே ப்ளோயர்தான். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எரிந்துபோவது, கொஞ்சம் வயதான கார்களில் அன்றாடம் பார்க்கிற பழுது. மாற்றுவதும் எளிது. ஆனால் இதே சின்னப் பாகத்தைத் தவறாகச் சரிசெய்ததால் கார்கள் தீப்பிடித்து எரிந்திருக்கின்றன. ஆகவே எதை மாற்றுவது என்பதோடு, அது ஏன் எரிந்தது என்பதையும் விடாமல் பார்க்கவேண்டும். கையால் திருகும், நான்கு வேகம் கொண்ட ப்ளோயரை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களின் கதை வேறு; அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

ஒன்று, இரண்டு, மூன்றில் காற்றே வரவில்லை. நான்கில் வைத்தால் மட்டும் பலமாக வருகிறது. மோட்டார் போய்விட்டதா?

மோட்டார் போய்விடவில்லை. போயிருந்தால் நான்கிலும் ஓடாது. போனது ரெசிஸ்டர். பெரும்பாலான கார்களில் முதல் மூன்று வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. நான்காம் வேகத்தில் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. ரெசிஸ்டரில் உள்ள தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புப் பாகம்) அறுந்தால் முதல் மூன்றும் ஒரே நேரத்தில் செத்துவிடும். இந்த அடையாளத்தைச் சொல்லியும் யாராவது மோட்டாரை மாற்றவேண்டும் என்றால், ரெசிஸ்டரைக் கழற்றிச் சோதித்துக் காட்டும்படி கேளுங்கள். மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் ரெசிஸ்டரின் விலை மிகவும் குறைவு.

அந்த ரெசிஸ்டர் வேகத்தை எப்படிக் குறைக்கிறது?

ப்ளோயர் மோட்டாருக்கு எவ்வளவு வோல்ட் கிடைக்கிறதோ அதற்கேற்ற வேகத்தில் சுற்றும். ரெசிஸ்டர் அதில் ஒரு பகுதியைத் தானே தின்றுவிட்டு மீதியை மோட்டாருக்கு விடுகிறது. தின்றது அத்தனையும் வெப்பமாகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 13.5 வோல்ட் என்று வையுங்கள். முதல் வேகத்தில் ரெசிஸ்டரின் மொத்த மின்தடை 2.5 ஓம், ஓடும் மின்னோட்டம் 4 ஆம்பியர் என்றால், ரெசிஸ்டர் 10 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மோட்டாருக்கு மிஞ்சுவது 3.5 வோல்ட். ரெசிஸ்டரில் உண்டாகும் வெப்பம் 40 வாட். வீட்டில் ரேடியோ பழுது பார்க்கப் பயன்படும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதைவிட அதிக வெப்பத்தை உண்டாக்கும் ஒரு பொருள், டாஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது.

அது அங்கே உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், ப்ளோயரின் காற்று அதன்மேல் பட்டுக்கொண்டே இருப்பதுதான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்: காற்று குறைந்தால் ரெசிஸ்டர் கொதிக்கும்.

எல்லா வேகமும் போய்விட்டால்? அல்லது நான்கு மட்டும் போனால்?

எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபியூஸ், ரிலே, எர்த் இணைப்பு, மோட்டாரின் கார்பன் பிரஷ் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டாரின் அடிப்பாகத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு அந்த மோட்டாரை நம்பி நீண்ட பயணம் போகாதீர்கள்.

முதல் மூன்றும் ஓடி, நான்கு மட்டும் ஓடவில்லை என்றால் நான்காம் வேகத்துக்கான ரிலே, அல்லது ஸ்விட்சுக்குள் அந்த ஒரு முனை. பல கார்களில் முழு மின்னோட்டத்தை ஸ்விட்ச் தாங்காது என்பதால் நான்காம் வேகத்துக்குத் தனி ரிலே வைத்திருப்பார்கள். நடுவில் ஏதோ ஒரு வேகம் மட்டும் இல்லை என்றால் ரெசிஸ்டரில் ஒரு சுருள் அறுந்திருக்கலாம், அல்லது ஸ்விட்ச் முனை கரிந்திருக்கலாம். குமிழை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தினால் காற்று விட்டுவிட்டு வருகிறதென்றால் ஸ்விட்ச் பக்கம்தான் சந்தேகம் போகவேண்டும்.

ரெசிஸ்டர் எங்கே இருக்கும்? நானே கழற்றலாமா?

நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இடப்பக்க முன்னிருக்கைக்கு எதிரே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். குளோவ் பாக்ஸின் இரு பக்கங்களையும் உள்ளே அழுத்தினால் அது கீழே இறங்கும். உருளை வடிவ ப்ளோயர் பெட்டி தெரியும். அதற்கும் கூலிங் காயில் பெட்டிக்கும் இடையில், இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் தட்டையான ஒரு பாகமும் அதில் செருகிய நான்கைந்து வயர் கொண்ட கனெக்டரும் இருக்கும். அதுதான்.

கழற்றும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ப்ளோயரை ஓட்டிய உடனே ரெசிஸ்டரைத் தொடாதீர்கள். சில நிமிடங்கள் ஆறவிடுங்கள். அந்தப் பகுதியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் கண்ணில் பட்டால் கை வைக்கவே வேண்டாம். அவை ஏர்பேக் இணைப்புகள்.

மல்டிமீட்டரால் எப்படிச் சோதிப்பது?

முதலில் கண்ணால் பாருங்கள். பழைய வகையில் ஸ்பிரிங் போன்ற கம்பிச் சுருள்கள் வெளியே தெரியும். புதிய வகையில் பீங்கான் தட்டின்மேல் தடம் அச்சிட்டிருப்பார்கள். அறுந்த சுருள், கருகிய தடம், விரிசல் விட்ட பீங்கான் எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். தெர்மல் ஃபியூஸ் என்பது இரண்டு கால்களுள்ள சிறு உருளையாகவோ, சால்டரால் ஒட்டி அழுத்தி வைத்த உலோகப் பட்டையாகவோ இருக்கும். பட்டை துள்ளி எழுந்து நின்றால் வேலை முடிந்தது, காரணம் கிடைத்துவிட்டது.

அதன் பின் மீட்டரை 200 ஓம் அளவில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த மின்தடை. நீங்கள் அளக்கப்போகும் மதிப்புகளே சில ஓம்களுக்குள்தான் இருக்கும் என்பதால் இதைக் கழிக்காமல் விட்டால் கணக்கு தவறும். ரெசிஸ்டரின் பொது முனையிலிருந்து மற்ற ஒவ்வொரு முனைக்கும் அளந்து பாருங்கள். சிறிதாகத் தொடங்கி ஏறுவரிசையில் மதிப்புகள் வரவேண்டும். எல்லா முனைக்கும் முடிவிலி காட்டினால் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது.

கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, ஆனால் ப்ளோயர் ஓடவில்லை. எப்படி?

மின்னோட்டம் ஓடாத இடத்தில் வோல்ட் அளந்தால் மீட்டர் ஏமாற்றும். கருகிப்போன முனை வழியாகவும், நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும் வயர் வழியாகவும் மீட்டருக்கு முழு 12 வோல்ட் கிடைக்கும். மோட்டாருக்கான ஆம்பியர் மட்டும் அதில் போகாது. எல்லாக் கனெக்டர்களையும் செருகி, ஸ்விட்சைப் போட்டு, பாரம் இருக்கும்போதே பின்பக்கமிருந்து முனையைத் தொட்டு அளக்கவேண்டும். இதற்குப் பழைய பாணி பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் சில நேரம் மீட்டரைவிட உண்மை பேசும்.

இன்னொன்று: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களில் மோட்டாருக்குப் பாசிட்டிவ் நேரடியாகப் போய்விடும், ரெசிஸ்டரும் ஸ்விட்சும் எர்த் பக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட காரில் ஸ்விட்சிலிருந்து பாசிட்டிவ் வரவில்லை என்று தேடுவது வீண். வயரிங் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

புது ரெசிஸ்டர் போட்டேன். சில மாதத்தில் அதுவும் எரிந்துவிட்டது. மட்டமான பாகமா?

பாகம் மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது முறையும் எரிந்தால் குற்றவாளி வேறெங்கோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரைக் கொல்பவை இரண்டு: போதாத காற்று, மிஞ்சிய மின்னோட்டம்.

காற்றை முதலில் பாருங்கள். கேபின் ஃபில்டர், நம் பட்டறைகளில் ஏசி ஃபில்டர் என்பார்கள், தூசியால் அடைத்திருந்தால் ரெசிஸ்டரின் மேல் படும் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். வேப்பமரம், புங்கமரம், தூங்குமூஞ்சி மரம் இவற்றின் நிழலில் கார் நிற்கிறதா? வைப்பருக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இலைச் சருகு உள்ளே போகும். ஃபில்டர் இல்லாத பழைய மாடல்களில் அது நேரே விசிறியில் விழுந்து, அங்கிருந்து ரெசிஸ்டர் சுருளின்மேல் போய் ஒட்டும். எலி கூடு கட்டுவதும் இந்த இடத்தில்தான். குளோவ் பாக்ஸைக் கழற்றியதும் கிழிந்த துணியும் பஞ்சும் கொட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டுப் புது ரெசிஸ்டரை மாட்டுவது, எரியும் பொருளின் நடுவே அடுப்பை வைப்பதாகும்.

அடுத்தது மோட்டார். விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். எந்தத் தடையும் இல்லாமல் சில சுற்றுகள் ஓடி நிற்கவேண்டும். கரகரத்தாலோ, விட்டதும் நின்றாலோ, மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் வறண்டுவிட்டது. இறுகிய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். மெதுவாகச் சுற்றுவதால் காற்றையும் குறைவாகத் தரும். இரண்டு அடியும் ரெசிஸ்டருக்கே. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் மோட்டார் வயரில் மாட்டி, அதே மாடலின் நல்ல கார் ஒன்றோடு ஒப்பிடுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் செருகி அளக்க முயலாதீர்கள். முழு வேகத்தில் இந்த மோட்டார்கள் 15 ஆம்பியரைத் தாண்டிப் போகக்கூடியவை.

மழைநீரையும் மறக்கவேண்டாம். வைப்பர் பகுதியின் வடிகால் சருகால் அடைத்தால் தண்ணீர் ப்ளோயர் பெட்டிக்குள் இறங்கி மோட்டாரைத் துருப்பிடிக்கச் செய்யும். மழைக்குப் பின் இடப்பக்கக் கால்மிதி ஈரமாக இருந்தால் அந்த வடிகாலையும் ஏசி வடிகுழாயையும் பாருங்கள்.

தெர்மல் ஃபியூஸை எடுத்துவிட்டு ஒரு வயரால் இணைத்துவிடலாம், செலவே இல்லை என்கிறார் ஒருவர். செய்யலாமா?

செய்யவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

மோட்டார் துருப்பிடித்து இறுகி நின்றுவிட்டது என்று வையுங்கள். ஸ்விட்ச் மூன்றாம் வேகத்தில் இருக்கிறது. ரெசிஸ்டரில் 0.5 ஓம், நின்றுபோன மோட்டாரில் 0.3 ஓம் என்று கொண்டால், 13.5 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் உண்டாகும் வெப்பம் 140 வாட்டுக்கும் மேல். காற்றோ சுத்தமாக இல்லை. ப்ளோயரின் 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது சாதாரண மின்னோட்டம், அது அசையாது. ரெசிஸ்டர் செக்கச்சிவந்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கையும் தூசியையும் பற்றவைப்பதைத் தடுக்க அந்த இடத்தில் இருக்கும் ஒரே காவல் தெர்மல் ஃபியூஸ்தான். மின்னோட்டத்தைப் பார்க்காமல் சூட்டைப் பார்த்து அறுந்துவிழும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அதை வயரால் இணைப்பவர் அந்தக் காவலைக் கழற்றி எறிகிறார். அன்று மாலை ப்ளோயர் அருமையாக ஓடும். ஆபத்து பின்னால் வரும்.

இது கற்பனைப் பயமில்லை. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் ஸஃபீரா பி கார்கள் பல, டாஷ்போர்டிலிருந்து தீப்பிடித்து எரிந்தன. குடும்பங்கள் குழந்தைகளோடு பயணம் செய்யும் ஏழு இருக்கைக் கார் அது. 2015ஆம் ஆண்டு, ஆட்டோமேட்டிக் ஏசி இல்லாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. ப்ளோயர் ரெசிஸ்டரின் தெர்மல் ஃபியூஸை முறையற்ற விதத்தில் பழுதுபார்த்ததே காரணம் என்று அது சொன்னது. 2016இல் இரண்டாம் முறையும் அழைக்க நேர்ந்தது. இதை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு, நிறுவனம் தாமதமாகச் செயல்பட்டதை 2017இல் கடுமையாகக் கண்டித்தது. பழுதை ஒட்டுப்போட்டவர்கள் யாரும் காரைக் கொளுத்த நினைத்திருக்கமாட்டார்கள். சில பவுண்டு மிச்சப்படுத்தித் தந்ததாகவே நினைத்திருப்பார்கள்.

அதே வெப்பநிலை அளவுள்ள தெர்மல் ஃபியூஸை வாங்கிச் சால்டர் செய்யலாமே என்பார்கள். சால்டரிங் அயர்னின் சூட்டிலேயே அது அறுந்துவிடும் வாய்ப்பு அதிகம். சாதாரண சால்டர் ரெசிஸ்டரின் சூட்டில் இளகியும் விடும். முழு ரெசிஸ்டரையே மாற்றுங்கள்.

ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ப்ளோயர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. பெரியது போடலாமா?

கூடாது. ஃபியூஸ் பெட்டி மூடியில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதுதான். ஃபியூஸ் போவது மோட்டார் இறுகுவதற்கான முன்னறிவிப்பாக இருக்கலாம்.

கனெக்டர் பழுப்பேறி உருகியிருக்கிறது. ரெசிஸ்டர் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. தளர்ந்த முனையில் 0.1 ஓம் கூடினாலே போதும். 20 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 40 வாட் வெப்பம் உண்டாகும். புது ரெசிஸ்டரின் பளபளப்பான காலைப் பழைய தளர்ந்த முனையில் செருகினால் அதுவும் கருகும். வயர் துண்டோடு வரும் புதுக் கனெக்டர் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. அதே தடிமனுள்ள வயர், இறுக்கமான கிரிம்ப், மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இந்த இடத்துக்கு ஆகாது.

பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ரெசிஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கதவு, கண்ணாடி, குமிழ் எல்லாம் வாங்கலாம். ரெசிஸ்டர் வேண்டாம். அதன் தெர்மல் ஃபியூஸை முன்பே யாராவது ஒட்டியிருக்கிறார்களா என்று உங்களுக்குத் தெரியாது.

நான்காம் வேகத்திலேயே கொஞ்ச நாள் ஓட்டினால் என்ன?

தெர்மல் ஃபியூஸ் மட்டும் அறுந்திருந்தால் ஆபத்தில்லை. நான்கில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியே போவதில்லை. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவே. ஆனால் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். நான்காம் வேகம்தான் கனெக்டருக்கும் வயருக்கும் மிகப் பெரிய பாரம்.

சென்னையில் இருப்பவருக்கு ஹீட்டர் எதற்கு? ப்ளோயர் போனால் வியர்க்கும், அவ்வளவுதானே?

ஐப்பசி மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்கு பேர் போகும்போது முன்கண்ணாடி உள்பக்கம் பனி படர்ந்து சாலையே மறைவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதும் கொடைக்கானல் வளைவுகளிலும் இது இன்னும் மோசம். அந்தப் பனியைத் துடைப்பது ப்ளோயர்தான். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்தால் ஈரமற்ற காற்று கண்ணாடியை விரைவில் தெளிவாக்கும். ப்ளோயர் ஓடாவிட்டால் பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸரும் ஓடாது. மலைக்குப் போகும் முன் இந்தப் பழுதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கான சூடு என்ஜினைக் குளிர்விக்கும் நீரிலிருந்தே வருகிறது. ப்ளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது. ஏற்றத்தில் என்ஜின் சூடு ஏறும்போது, ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்து ப்ளோயரை ஓட்டினால் ஓரளவு சூடு இறங்குவதும் இதனால்தான்.

குறைந்த வேகத்தில் வைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

ஆகும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் முதல் வேகத்தில் மொத்தம் 54 வாட் செலவாகி, அதில் 40 வாட் வீணாகச் சூடாகிறது.

என் காரில் ஆட்டோமேட்டிக் ஏசி. ப்ளோயர் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது.

உங்கள் காரில் சுருள் ரெசிஸ்டர் இருக்காது. அந்த இடத்தில், அலுமினியச் செதில்கள் கொண்ட பவர் டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். ஏசி கன்ட்ரோல் யூனிட் அனுப்பும் சிறு சமிக்ஞைக்கு ஏற்ப அது மோட்டாரின் வேகத்தை மாற்றும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் எந்த வேகம் கேட்டாலும் முழு வேகமே வரும். மாட்யூலுக்கு நேரடி பேட்டரி இணைப்பு உள்ள சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் பேட்டரி காலியாகியிருக்கும். அப்படி நேர்ந்தால் ப்ளோயர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். இந்த மாட்யூலை ஓம் மீட்டரால் நன்றா கெட்டதா என்று உறுதியாகச் சொல்லமுடியாது. உள்ளே வரும் சமிக்ஞை மாறுகிறதா என்று அளந்து பார்த்தே முடிவுசெய்யவேண்டும். இதற்கும் எமன் அதே அடைத்த ஃபில்டரும் இறுகிய மோட்டாரும்தான்.

மின்சாரக் காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. இதே முறையில் பார்க்கலாமா?

ப்ளோயர் மட்டும் பழுதென்றால் பார்க்கலாம். அது 12 வோல்ட்டில் ஓடுவது. ஆனால் பல மின்சாரக் கார்களில் சூடாக்கும் பகுதி உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. ஆரஞ்சு நிறக் கேபிள் போகும் எதையும் தொடாதீர்கள்.

மாற்றி முடித்தாயிற்று. சரியாகிவிட்டதா என்று எப்படி உறுதிசெய்வது?

குளோவ் பாக்ஸைத் திரும்ப மாட்டும் அவசரம் வேண்டாம். ரெசிஸ்டரை அதன் இடத்தில் திருகி, என்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு வேகத்திலும் பத்து நிமிடம் ப்ளோயரை ஓட்டுங்கள். வெளியே வைத்துக்கொண்டு சோதிக்காதீர்கள். காற்றுப் படாமல் புது ரெசிஸ்டரும் போய்விடும். ஒவ்வொரு வேகத்தின் முடிவிலும் ப்ளோயரை அணைத்துவிட்டுக் கனெக்டரின் பின்பக்க வயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்கமுடியாத சூடு என்றால் முனையோ மோட்டாரோ இன்னும் சரியாகவில்லை. கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மோட்டாரின் ஆம்பியரை அளந்து காட்டச் சொல்லுங்கள். அது கூடுதலாக இருந்தால் மோட்டாரையும் மாற்றிவிட்டே குளோவ் பாக்ஸை மூடுங்கள்.